தலைமாட்டில் யார் நிற்பது

போட்டோ பழகும் பிள்ளைகள் நீங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மாட வீதியைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துவிட்டு, காபி குடித்த கையோடு அபிராமபுரத்தில் என் மாடிக்கு ஏறி வருகிறீர்கள். உட்கார்ந்ததும் "எந்த லென்ஸ் வாங்கலாம் மேடம்?" என்று ஆரம்பிக்கிறீர்கள். லென்ஸைப் பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், விலை உட்பட. கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை. அதனால் நானே எழுதுகிறேன். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுப் போங்கள், எனக்கொன்றும் வருத்தமில்லை.

இப்போது ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கோஷ்டி வருகிறது. மேடையில் வரிசையாக நிற்கவைத்து எடுப்பவர்கள் ஒன்று. தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, யாராவது கண்ணைத் துடைக்க மாட்டார்களா என்று காத்திருக்கும் கேண்டிட்காரர்கள் இன்னொன்று. கேண்டிட்காரருக்குத்தான் கூலியும் அதிகம், தாடியும் அதிகம். மேடைக்காரரை அவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, நான் பார்த்திருக்கிறேன். எங்கள் நாளில் இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தார். அதற்கு இரண்டு பெயர் வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

நான் தொழில் பழகியது கோடம்பாக்கத்தில், படப்பிடிப்புகளில் ஸ்டில் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம். தன் பெயரை எங்கேயும் சொல்லக் கூடாது என்று உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட்டார், ஆகவே சொல்லவில்லை. "பொம்பளப் புள்ள லைட் ஸ்டாண்டத் தூக்குமா?" என்று கேட்டவர்களிடம், "தூக்கிட்டுதானே நிக்குது, கண்ணு தெரியலையா?" என்று எரிந்து விழுவார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆட்களை நிற்கவைத்துப் படம் எடுத்ததும், "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று உரக்கச் சொல்வார். ஆனால் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்க மாட்டார். முடிந்தது என்று கேட்டதும் எல்லாருக்கும் தோள் இறங்கும், வயிறு தளரும், முகம் சொந்த முகமாகும். அந்த நொடியில் இன்னொரு படம் எடுப்பார்.

அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. தி.நகரில் ஒரு மண்டபத்தில் ஓர் அறுபதாம் கல்யாணம். தம்பதியை நிற்கவைத்தேன், இருவரும் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது போல் நின்றார்கள். முடிஞ்சுது என்றேன். உடனே அவர் தன் அங்கவஸ்திரத்தின் நுனியால் அந்த அம்மாளின் கன்னத்தில் வழிந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டார். எடுத்துவிட்டேன். ஆல்பத்துக்கு அதையே முகப்பாக வைத்தேன், தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு. மறு வாரம் அவர்கள் மகன் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு என் போட்டோக் கடைக்கு வந்தார். "அப்பா கூனிக்கிட்டு நிக்கறார். விறைப்பா நிக்கறதப் போடுங்க" என்றார். மாற்றிக் கொடுத்தேன். அவர்கள் அறியாமல் எடுத்த படம் நமக்கு எவ்வளவு பிடித்தாலும், வீட்டுச் சுவரில் அதோடு குடியிருக்கப் போகிறவர்கள் நாமல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சொல்லவில்லை என்று குறைப்படாதீர்கள். இது தனிமையான தொழில். நாள் முழுக்க ஒரு குடும்பத்தின் நடுவிலேயே நிற்போம். யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எந்தப் பெரியம்மா எந்தச் சித்திக்குப் பக்கத்தில் நிற்க மாட்டார், எல்லாம் அரை மணியில் தெரிந்துவிடும். கடைசிப் பந்தியில் சமையல்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பூட்டைத் திறந்து, விளக்கை நாமே போட வேண்டும். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் பெரிய கதையெல்லாம் இல்லை, அமையவில்லை. பழகிவிட்டது என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். பழகவில்லை.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

சாந்தோம், மந்தைவெளிப் பக்கத்துப் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்துபோனால், சவப்பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பமே சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளும். முகம் தெரிவதற்காகப் பெட்டியின் தலைப்பக்கத்துக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துவோம். தலைமாட்டில் வீட்டுக்கு மூத்தவர் நிற்பார். மற்றவர்கள் முறைப்படி இரண்டு பக்கமும். அந்தப் படத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை வைத்து அந்த வீட்டின் உறவுமுறையையே சொல்லிவிடலாம்.

ஊரில் இல்லாத பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு. "இந்த இடத்துல சவுதி தம்பி வர்றார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொன்னால், அழுதுகொண்டிருப்பவர்கள்கூடப் புரிந்துகொண்டு ஓர் ஆள் அளவுக்கு விலகி நிற்பார்கள். பிறகு அந்தப் பிள்ளையின் படத்தை வாங்கி, அந்த இடத்தில் சேர்த்துக் கொடுப்போம். முதலில் கத்தரிக்கோலும் பசையும், பிறகு கம்ப்யூட்டர். இதை யாரும் ஏமாற்று வேலையாக நினைத்ததில்லை. வர முடியாதவனுக்கு விட்டுவைத்த இடம், அவ்வளவுதான்.

வயதாகிக் கடையை ஒரேயடியாக மூடிய பிறகு ஒருநாள் காலையில் எனக்கு வெளிநாட்டிலிருந்து போன் வந்தது. லூர்து சார். டொரன்டோவில் மகனோடு இருப்பவர். அவருடைய அம்மா இறந்தபோது பெட்டியைச் சுற்றி நின்ற பெரிய கூட்டத்தை நான்தான் எடுத்திருந்தேன். பங்குக் கோயில் அலுவலகத்தில் என் எண்ணை வாங்கியிருக்கிறார்.

"ஸ்டெல்லா போயிட்டாம்மா" என்றார்.

ஸ்டெல்லா டீச்சர் அவருடைய ஒரே தங்கை. ஒன்றாம் வகுப்புக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆகாதவர். அம்மா இருந்த அதே வீட்டில், கீழ்த்தளத்தில் தனியாக இருந்தார். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது.

"நாளைக்குக் காலையில அடக்கம் வெச்சிடுங்கன்னு ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். நான் வர முடியாது. ஆஸ்பத்திரில படுத்திருக்கேன். அங்க உங்களுக்கு நாளைக்குச் சாயந்தரம் ஆகறப்ப எனக்கு இங்க இருதய ஆபரேஷன். அம்மாவுக்கு எடுத்தீங்களே, அதே மாதிரி எடுத்துக் குடுங்க. எல்லாரையும் சுத்தி நிக்க வைங்க. தலைமாட்டுல எனக்கு இடம் விடுங்க. என் படம் அனுப்பறேன், சேர்த்துடுங்க."

"செஞ்சிடறேன் சார்."

"என்னை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி நான் அதப் பாத்துடணும். அவ தனியாப் போகலன்னு ஒரு தடவ பாத்துட்டேன்னா போதும். அதுக்கப்புறம் டாக்டருங்க என்ன வேணா பண்ணிக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் அவர் படம் வந்தது. யாரோ ஒருவருடைய கல்யாணத்தில், கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். வேறு படம் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது? உதட்டைக் கொஞ்சம் மூடிவிடலாம், கோட்டைக் கறுப்பாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் போனேன். வாசலில் பந்தல் இல்லை, நாற்காலி இல்லை, செருப்பு இல்லை. சாவு வீட்டில் முதலில் நான் செருப்பைத்தான் பார்ப்பேன், கூட்டம் எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடும். அமரர் ஊர்தி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே கூடத்தில் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் நடுத்தர வயது அம்மாள் ஒருத்தி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஊர்தி டிரைவரிடம், "எல்லாரும் எங்கப்பா?" என்று கேட்டேன்.

"யாரு எல்லாரும்? இவ்ளோதான் மேடம்" என்றார்.

தரையில் உட்கார்ந்திருந்தவள் கன்னியம்மா. டீச்சர் வீட்டில் வேலை செய்பவள். முன்பு அடையாற்றங்கரையில் குடிசையில் இருந்தவர்கள். குடிசைகளை எடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகும் இரண்டு பஸ் மாறி தினமும் இந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். டீச்சர் இறந்துகிடந்ததை முதலில் பார்த்ததும் அவள்தான், கோயிலுக்கு ஓடிப்போய்ச் சொன்னதும் அவள்தான்.

"யாருக்கும் சொல்லலையாம்மா?" என்றேன்.

"யாருக்குச் சொல்றது? அது போன்ல நாலு பேருதான் கீறாங்கோ. கேஸ் கம்பெனி, கோயிலு, அண்ணன், நானு. மீதி நம்பரெல்லாம் டீச்சரு மண்டைல வச்சிக்கினு இருந்துச்சி."

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்த டீச்சரை எந்தப் பிள்ளை நாற்பது வயதில் தேடிக்கொண்டு வரும்? கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேர் படுக்கையில். யாருக்கும் அவர்மேல் விரோதம் இல்லை. யாருக்கும் நினைவில்லை, அவ்வளவுதான். அந்தக் கூடத்தில் நிற்கும்போது எனக்குத் துக்கம் வந்தது. அது டீச்சருக்காக மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பங்குத் தந்தை வந்தார். புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர், டீச்சரைப் பூசையில் பார்த்ததோடு சரி. அடக்கத்துக்கு முன் சொல்லும் மந்திரிப்பு ஜெபத்தைச் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். மேல் வீட்டு மாமி படியிறங்கி வந்து கதவோரமாக நின்றாள். "முந்தாநாள் சாயங்காலம்கூடப் பாத்தேனே. துணி உலத்திண்டு இருந்தா. தலைய ஆட்டிட்டு உள்ள போனா" என்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் என்னிடம் சொன்னாள்.

நான் லூர்து சார் சொன்னதை எல்லாரிடமும் சொன்னேன். இந்த மாதிரி ஒரு படம் வேண்டும், சாயந்தரம் ஆபரேஷன், அதற்குள் அவர் பார்க்க வேண்டும்.

டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இதுக்கு இன்னா மேடம் யோசிச்சிக்கினு இருக்கீங்கோ? முக்குல ஆட்டோ ஸ்டாண்டுல நம்ம பசங்க கீறானுங்கோ. ஒரு போன் அடிச்சா வந்து வரிசையா நிப்பானுங்கோ. மூஞ்ச சோகமா வச்சிக்கோங்கடான்னா வச்சிக்குவானுங்கோ. பெரியவரு நிம்மதியா ஆபரேசனுக்குப் போவாரு."

கேலியாகச் சொல்லவில்லை, நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இல்லாத அண்ணனையே சேர்க்கப் போகிறோம், இருக்கிற ஆட்டோக்காரர்களை நிற்க வைத்தால் என்ன? ஃபாதர் என் முகத்தைப் பார்த்தார், நான் ஃபாதர் முகத்தைப் பார்த்தேன். யாரும் கூடாது என்று சொல்லவில்லை. முடிவு என் தலையில்தான்.

வேண்டாம் என்றேன். உங்களுக்கு நான் பெரிய நேர்மைக்காரி என்று தோன்றலாம், அப்படியெல்லாம் இல்லை. படுக்கையில் கிடப்பவருக்குப் போனைத் தவிர வேறு வேலை கிடையாது. இரண்டு விரலால் ஒவ்வொரு முகத்தையும் பெரிதாக்கிப் பார்ப்பார். இது யார், இது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார். ஒருவரைக்கூட அடையாளம் தெரியவில்லை என்றால் அந்தக் கூட்டமே அவருக்குக் காட்டிக் கொடுத்துவிடும். தெரியாதவர்கள் பத்துப் பேர் நடுவில் தங்கையைப் பார்ப்பது, யாருமில்லாமல் பார்ப்பதைவிடக் கொடுமை என்று எனக்குப் பட்டது. முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாத பழைய காலமாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"இருக்கறவங்க நிக்கலாம்" என்றேன்.

ஃபாதர் ஒரு பக்கம் நின்றார். டிரைவரும் அவருடைய உதவி ஆளும் கால்மாட்டில் நின்றார்கள். மாமி தயங்கிவிட்டு, "போய் ஸ்நானம் பண்ணிக்கறேன், என்ன இப்போ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே வந்து நின்றாள். தலைமாட்டில் லூர்து சாருக்கு இடம் விட்டேன். ஜன்னல் வெளிச்சம் அங்கே விழும்படி பெட்டியைத் திருப்பச் சொன்னேன்.

"கன்னியம்மா, நீங்களும் வாங்க."

அவள் சமையலறைக் கதவுப் பக்கம் போய்விட்டிருந்தாள். "நா வர்ல."

"ஏம்மா?"

"நாளிக்கு அந்தப் படத்தப் பாத்துட்டு, இது ஆருன்னு கேப்பாங்கோ. வேலைக்காரின்னு சொல்லுவே. அத்த கேக்கறதுக்கு நா அங்க வந்து நிக்கணுமா? நீ எடுத்துக்கோ, என்ன வுட்ரு."

அவள் சொன்னது நடக்கும் என்று எனக்கும் தெரியும். வற்புறுத்தாதீர்கள். நிற்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருக்கும். அது நம் படத்தைவிடப் பெரியது.

இருந்தவர்களை எடுத்தேன். கேமராவின் பின்திரையில் பார்த்தேன். பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் போல நாலு பேர், ஒருவர் மேல் ஒருவர் படாமல். தலைமாட்டில் ஓர் ஆள் இடம் காலி. சிரித்துக்கொண்டிருக்கும் லூர்து சாரை அங்கே நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று மனத்துக்குள் பார்த்தேன். பகீரென்றது.

"அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை, வாய்ப்பழக்கம்.

ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவர் மூடியை எடுக்கப் போனார். மாமி படியேறினாள். அப்போது கன்னியம்மா சமையலறையிலிருந்து ஒரு சீப்போடு வந்தாள். நேராகப் போய்த் தலைமாட்டில், நான் அண்ணனுக்கென்று விட்டுவைத்த அதே இடத்தில் நின்றாள். குனிந்து டீச்சரின் நெற்றியில் விழுந்திருந்த முடியை வாரி ஒதுக்கினாள். சீவிக்கொண்டே திட்ட ஆரம்பித்தாள்.

"நெஞ்சு வலிச்சா ஒரு போன் போடக் கூடாது? மேல் வூட்ல ஒரு கொரல் குடுக்கக் கூடாது? சோத்த மூடி வச்சிட்டுப் போனேனே, தொட்டியா நீ? அப்டியே கீது பாரு. டாக்டராண்ட வா வான்னு எத்தினி வாட்டி கூப்ட்டேன்? அண்ணன் போன் பண்ணும், அத்த கேட்டுட்டுப் போலாம், அத்த கேட்டுட்டுப் போலாம்னு போனையே பாத்துக்கினு குந்திக்கினு இருந்தியே. பண்ணுச்சா? பண்ணுச்சான்னு கேக்கறேன்."

குரலை அடக்கவில்லை. உயிரோடு இருக்கிறவரைத் திட்டுவது போலவே திட்டினாள். ஒரு கை சீப்பில், இன்னொரு கை டீச்சரின் கன்னத்தில். கேமரா என் கண்ணில்தான் இருந்தது. எடுத்தேன்.

பெட்டியை மூடினார்கள். கல்லறையிலும் நாங்கள் அதே சில பேர்தான். ஃபாதர் ஜெபம் சொன்னார், கன்னியம்மா எல்லாரும் போடுவதைப் பார்த்து ஒரு பிடி மண் போட்டாள். ஃபாதருக்கு இன்னொரு வேலை இருந்தது, போய்விட்டார். நானும் கன்னியம்மாவும் கல்லறைத் தோட்ட வாசலில் மரத்தடிச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

போனில் லூர்து சாரின் செய்தி வந்திருந்தது. "எடுத்தாச்சா? தூங்காமல் காத்திருக்கிறேன்."

என்னிடம் இரண்டு படங்கள். ஒன்று, வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் அவரைச் சேர்த்து, வெளிச்சத்தைச் சரிசெய்து, கேட்டபடியே கொடுத்துவிடக்கூடிய படம். இன்னொன்று, அவர் கேட்காத படம். வேலைக்குப் பேசியது முதல் படத்துக்குத்தான். பேசியதைச் செய்துவிட்டால் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நாலு பேரைப் பார்த்துவிட்டு அவர் ஆபரேஷனுக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கேமராவைக் கன்னியம்மாவிடம் காட்டினேன். "உங்களக் கேக்காம எடுத்துட்டேன். இத அவருக்கு அனுப்பலாமா? வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன்."

வாங்கிப் பார்த்தாள். "த்தூ, வாய் கோணிக்கினு கீது. பொடவ நழுவிக்கினு கீது. இத்தப் போயா அனுப்புவே?"

"அதான் கேக்கறேன்."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "டீச்சரு மூஞ்சி நல்லா கீதா?"

"நல்லா இருக்கு."

"ஆமா. நல்லாதான் கீது. அனுப்பு." கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "ஆருன்னு கேட்டா இன்னா சொல்லுவே?"

"உங்க பேரச் சொல்லுவேன்."

அனுப்பினேன். ஓர் இருதய நோயாளிக்கு, யாருமில்லாத ஒரு கூடத்தை அனுப்பியிருக்கிறேன். படத்தைப் பார்த்துவிட்டதற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்லறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகப் போன் அடித்தது.

"மத்தவங்கள்லாம் எங்கம்மா?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. "யாரும் வரல சார்" என்றேன். "ஃபாதர் இருந்தார். மேல் வீட்டம்மா இருந்தாங்க. இவங்க இருந்தாங்க."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இயந்திரம் ஏதோ ஒன்று விட்டுவிட்டுக் கூவியது.

"யாரு இவங்க?"

"கன்னியம்மா."

"கன்னியம்மாவா?" குரல் மாறியது. "இவங்கதானா அது? பேசிட்டே இருப்பாம்மா, நடுவுல, 'அண்ணே, கன்னியம்மா திட்டுவா, நான் போய்ச் சாப்பிடறேன்'னு வெச்சிடுவா. ஒவ்வொரு தடவையும். யாருன்னு நான் கேட்டதே இல்ல. பக்கத்து வீட்டுப் பெரியம்மா யாரோன்னு நெனச்சிட்டிருந்தேன்."

நான் கன்னியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"வாய் தொறந்திருக்கே. என்ன சொல்லிட்டிருக்காங்க?" என்று கேட்டார்.

இந்த இடத்தைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு எழுதினேன். படத்தில் குரல் வராது. அந்தக் குரலைக் கேட்டவர்கள் நாம் மட்டும்தான். அதில் எதை எடுத்துக் கொடுப்பது, எதை நம்மோடு வைத்துக்கொள்வது என்று யோசிக்க அப்போது நேரமிருக்காது. பக்கத்தில் கன்னியம்மா இருந்தாள். அண்ணன் போன் பண்ணுச்சா என்று அவள் கேட்டது என் காதில் அப்படியே இருந்தது.

"திட்டறாங்க சார்" என்றேன்.

"எதுக்கு?"

"சாப்பாடு மூடி வெச்சதச் சாப்பிடாமப் படுத்துட்டாங்களாம். டாக்டர்கிட்ட வரலயாம். அதுக்கு."

மீதியைச் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. லூர்து சார் இப்போது இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சில வருஷம் இருந்து, தன் பிள்ளைகள் மத்தியில் போனார். அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் அந்தப் பக்கம் சிரித்தார். சிரிப்புத்தான், ஆனால் முடியும்போது வேறாக இருந்தது. "செத்ததுக்கப்புறமும் விடல பாருங்க" என்றார். "நான் பயந்துட்டே இருந்தேம்மா. அந்த வீட்டுல அவளுக்கு யாருமே இல்லையோ, பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லையோன்னு. திட்டறதுக்கு ஒரு ஆள் இருந்திருக்கு."

"ஆமா சார்."

"படத்துல என்னைச் சேர்க்கணும்னு சொன்னேன்ல?"

"சாயந்தரத்துக்குள்ள பண்ணித் தரேன் சார்."

"வேணாம்மா. அவங்க நிக்கறாங்களே, அது என் இடம். அங்க நான் நிக்கல. அவங்க இருக்கட்டும், விட்டுடுங்க."

போனைக் கன்னியம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அவர் என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. இவள், "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், "ஆபரேசனுக்குப் போறவரு ராத்திரில முழிச்சிக்கினு இருப்பாங்களா? போய்த் தூங்கு" என்று அதட்டிவிட்டுப் போனை என் கையில் வைத்தாள்.

வீட்டைப் பூட்டிச் சாவியை ஃபாதரிடம் கொடுக்க வேண்டும் என்று எழுந்தாள். "நாளிக்கிலேர்ந்து காலைல எந்திரிச்சி எங்க போறதுன்னே தெர்ல" என்றாள். என் மாடிக்கு வரச் சொல்லலாமா என்று நினைத்தேன். என் ஒருத்தி வீட்டில் தேய்க்க நாலு பாத்திரம் இருக்காது. அதற்காக இரண்டு பஸ் மாறி வா என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். அவள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். பையை இறக்கிவைத்துவிட்டு, கைகால் கழுவாமல் அப்படியே கட்டிலில் சாய்ந்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சமையல்மேடையில் மூடி வைத்த சோறு இருந்தது. எழுந்திருக்க மனசில்லை. "சோத்த மூடி வச்சிட்டு இன்னா படுத்துக்கினு கீறே? எந்திரி" என்று வாய்விட்டு என்னையே திட்டிப் பார்த்தேன், கன்னியம்மா குரலில். மறுபடியும் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.

நான் எழுந்திருக்கவில்லை.